முயல் சுட ஏழு மாதம் படித்தவர்

ஒரு முயலைச் சுடுவதற்காக ஏழு மாதம் படித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஆந்தையர். அந்த ஏழு மாதமும் அவரைப் பார்த்து வயிறெரிந்தவனும் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நான் பொதுவாகப் பொறாமைக்காரன் இல்லை. மைத்துனர் இரண்டாவது வீடு வாங்கிய அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது. கூட வேலை செய்தவனுக்குப் புதுப் பார்சல் வான் கிடைத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆந்தையர் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, தனக்குத் தெரியாத மொழிப் பக்கங்களையும் விடாமல் விரலால் தடவிப் படித்ததை என் மனைவி பவானி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

2009. இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அவருக்கு இரவு ஷிப்ட். பதினான்கு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஐம்பது வயது, கலியாணம் இல்லை, வட்டக் கண்ணாடி. பகலில் வெளியே வந்தால் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித்தான் நடப்பார். யார் வைத்த பெயரோ தெரியாது, அவரும் அதை மறுத்ததில்லை. போனை எடுத்தால், "ஓம், ஆந்தையர்தான் கதைக்கிறன்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது.

நான் பார்சல் வான் ஓடுகிறவன். எசெக்ஸ் பக்கம், வீட்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில், ஜீன் என்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் பண்ணையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக் கத்தரியும் மிளகாயும் கீரையும் போட்டிருந்தேன். அந்த வருடம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்தில் எங்கள் ஆட்கள் யாராலும் டீவியை அணைக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. வேலை, வீடு, டீவி என்ற மூன்றிலிருந்தும் தப்பி நான் மூச்சு விட்ட ஒரே இடம் அந்தத் தோட்டம்தான். இதை நான் பவானிக்குக்கூடச் சொன்னதில்லை.

தோட்டத்தில் எனக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவை முயல்கள். நான் நட்ட கீரையை இரவோடு இரவாக மொட்டையடித்தன. ஜீனுடைய கோவா இலைகளையும் விடவில்லை. அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், முயல் சுட ஒரே ஒருவருக்குத்தான் எழுத்தில் அனுமதி தருவேன், ஒரு நிலத்தில் ஒரு துவக்குக்கு மேல் கூடாது, யாருக்கென்று முடிவாகும்வரை கேட்டுவிட்டுச் சுட்டுப் பார்க்கலாம் என்று. கடிதத்தோடு வாசல் கேற்றின் பூட்டைத் திறக்கிற திறப்பும் கிடைக்கும். நினைத்த நேரம் போகலாம், வரலாம். அந்தத் திறப்பு எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

என்னிடம் ஒரு காற்றுத் துவக்கு இருந்தது. ரோர்ச் லைற்றைச் செலோரேப்பால் அதில் ஒட்டிக்கொண்டு போவேன். வெள்ளை வெளிச்சம் விழுந்ததும் முயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். ஐந்து மாதத்தில் ஒன்று விழுந்தது. அதற்கும் வயது போயிருந்தது.

என் பிழை, இந்தக் கதையை ஒரு நாள் பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் ஆந்தையரிடம் சொன்னது. மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐஸே, உமக்கு வெளிச்சம் குறைஞ்சதில்லைப் பிரச்சினை. கூடினதுதான் பிரச்சினை."

"அப்ப இருட்டிலை எப்பிடி அண்ணை சுடுறது?"

"படிக்க வேணும். ஆறு மாதம் தாரும்."

ஏழு எடுத்தார்.

முதலில் தனக்கென்று ஒரு துவக்கு வாங்கினார். ஸ்பிரிங் துவக்கு உதறி உதறியே நல்ல ஸ்கோப்பைக் கெடுத்துவிடும் என்று, காற்றைப் பம்பால் அடைக்கிற வகையாகப் பார்த்து எடுத்தார். சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை என் வீட்டு ஹோலில் நின்று எண்பது முறை அமத்துவார். பவானி பக்கத்தில் நின்று எண்ணுவாள். எனக்கு அவள் எதையும் எண்ணியதில்லை.

பிறகு ஸ்கோப். கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தார். ஒரு முறை என் வானிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரப் பெடியன் ஒரு பெரிய சாமானை எடுத்து வைத்து, இருநூறு யார், அதாவது இருநூறு கெஜத் தூரம், தெரியும் என்றான்.

"என்ரை துவக்கு முப்பது யாருக்குத்தான் நம்பிச் சுடலாம். மிச்சம் நூற்றெழுபது யாரையும் நான் என்ன செய்ய?" என்று என்னைத் தமிழில் கேட்டார். அதையே அவனிடம் ஜேர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் கேட்டார். அவன் உருப்பெருக்கம் கூடியது ஒன்றைக் காட்டினான்.

"முயலின்ரை மூக்கு இவ்வளவு பெரிசாத் தெரிஞ்சா முயல் எங்கை நிக்குதெண்டு தெரியாது. எனக்கு நாலு மடங்கு காணும்."

அடுத்த முறை நாங்கள் வாசலில் தெரிந்ததுமே அந்தப் பெடியன் பின்னறைக்குள் போய்விட்டான்.

ஆந்தையர் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாலும் அது காதில் விழுந்தது. இருட்டில் பார்க்கிற ஸ்கோப் இரண்டு வகையாம். ஒன்று பழைய குழாய் வகை. கிடைக்கிற துளி வெளிச்சத்தை உள்ளே ஒரு குழாய் பெருக்கிப் பச்சையாகக் காட்டும். வெளிச்சம் கூடினால் குழாய் கருகிவிடும். மற்றது டிஜிட்டல். உள்ளே சின்னக் கமரா, கண் வைக்கிற இடத்தில் சின்ன டீவி. எங்கள் கண்ணுக்கும் முயலின் கண்ணுக்கும் பிடிபடாத ஒரு வெளிச்சத்தைத் தானே அடித்துத் தானே பார்க்கும். பகலிலும் பார்க்கலாம், ஒன்றும் கருகாது. பற்றரியைத்தான் தின்னும்.

"குழாய் மலிவு எண்டு போய் விழுந்திடாதையும்," என்று இரண்டு முறை சொன்னார். எனக்குப் புத்தி சொல்ல இவர் யார் என்று நான் மூன்று முறை நினைத்துக்கொண்டேன்.

பிடிக்காவிட்டால் இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்தக் கடையில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாலு ஸ்கோப்பை எடுத்து நாலையும் திருப்பினார். சோதனை நடந்த இடம் என் வீட்டுப் படிக்குக் கீழே இருந்த அலுமாரி. அவருடைய வாடகை அறையில் இருட்டே இல்லையாம், வீதி லைற் நேரே உள்ளே அடிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார். அரிசிச் சாக்கில் ஏறி இருந்து கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் வெளியே நிற்போம்.

"தங்கச்சி, வெங்காயத்தின்ரை தோல் வடிவாத் தெரியுது. ஆனா சாக்கிலை எழுதியிருக்கிறது கலங்குது. இது சரிவராது."

"அண்ணை, தேத்தண்ணி உள்ளுக்குத் தரட்டோ?"

"வெளிச்சம் வராமல் தர ஏலுமெண்டாத் தாங்கோ."

பவானி ஹோல் லைற்றை அணைத்து, திரையை இழுத்து மூடி, தட்டித் தடவி இருட்டுக்குள் தேத்தண்ணி கொடுத்தாள். என் காலில் கொஞ்சம் ஊற்றுப்பட்டது. அவள் கவனிக்கவில்லை.

"எவ்வளவு பொறுமையாப் பாத்து வாங்கிறார். நீங்கள் வான் வாங்கேக்கை ரயரைக்கூடக் குனிஞ்சு பாக்கேல்லை," என்றாள் இரவு.

ஐந்தாவது ஸ்கோப் நின்றுவிட்டது. அதைக் கொண்டு தோட்டத்துக்கு வந்தவர் முதல் நாள் சுடவேயில்லை. ஸ்கோப்பின் டீவியில் கிட்டவும் தூரமும் ஒரே மாதிரித்தான் தெரியுமாம், எது இருபது யார் எது முப்பது யார் என்று இருட்டில் மட்டுக்கட்ட ஏலாதாம். அதனால் பகல் வெயிலில் கயிறு பிடித்து அளந்து, வெறும் தேங்காய்ப்பால் ரின்களைத் தடியில் குத்தி இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று நட்டார். ரின்னுக்கு அங்கால் நிற்கிற முயலுக்கு உயிர், இங்கால் நிற்கிறதுக்கு இல்லை. பிறகு வைக்கோல் கட்டில் ஒரு அட்டையைக் குத்தி, சுட்டுச் சுட்டுக் குமிழைத் திருப்பி, குறியும் குண்டும் ஒரே துளையில் விழும்வரை விடவில்லை. பக்கத்தில் புல் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் வெளிச்சம் பட்டுத் திரை முழுக்க வெள்ளையாகிவிடும் என்று, படுக்கிற இடத்துக்கு முன்னால் கத்திரிக்கோலால் புல் வெட்டினார். முடிவெட்டுகிற கத்திரிக்கோல். அதுவும் என் வீட்டுடையது.

அடுத்த கிழமை ஒரு பொழுதில் மூன்று முயல். மூன்றும் தலையில். ஒன்றும் துடிக்கவில்லை. ஜீன் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை அவர் வாடகை வாங்கும்போதுகூடக் குலுக்கியதில்லை. வீட்டில் பவானி பிரட்டல் கறி வைத்து, முதல் அகப்பையை அவர் சோற்றுக் கோப்பையில் போட்டாள். கறி நல்ல ருசி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்-பூட் சந்தையில் நானும் ஒரு ஸ்கோப் வாங்கினேன். பழையது, பாரமானது, பார்த்தால் பீரங்கி மாதிரி. குழாய் வகை. ஆந்தையர் வேண்டாம் என்று சொன்னது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

புதுச் சாமான் வாங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? கோயிலுக்குக் கொண்டுபோவோம். காரென்றால் சில்லுக்குத் தேசிக்காய் வைப்போம். நான் ஸ்கோப்பை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு போய் ஐயரிடம் நீட்டினேன்.

"உதென்ன, கமராவோ?"

"தூரக் கண்ணாடி மாதிரி ஐயா. தோட்டம் பாக்கிறதுக்கு."

பொய் இல்லை. தோட்டத்தில் எதைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூடியைக் கழற்றுங்கோ, முகம் தெரியாமல் எப்படிப் பொட்டு வைக்கிறது என்றார். கழற்றினேன். சந்தனமும் குங்குமமும் விளிம்பில் வடிவாக வைத்தார். உயிருள்ள சாமானாக இருக்கட்டுமே என்று நான் சுவிட்சைப் போட்டேன். ஐயர் தட்டத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி அதன் கண்ணுக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றி, பிள்ளையார் துணை என்று கொஞ்ச நேரம் நிறுத்தியும் பிடித்தார்.

தோட்டத்தில் போய்ப் பார்க்கிறேன், பச்சைக்கு நடுவில் கறுப்பாக ஒரு சுடர். எந்தப் பக்கம் திருப்பினாலும் போகவில்லை. எந்த முயலைப் பார்த்தாலும் அதன் தலையில் கற்பூரம் எரிந்தது.

ஆந்தையர் அதை வாங்கி ஒரு தரம் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"டிஜிட்டல் எண்டா ஒண்டும் ஆகியிராது," என்றார். "ஐயர் காட்டின கற்பூரத்தை வடிவா நாங்களும் பாத்திருக்கலாம்."

இந்த நிலையில்தான் ஜீன் முடிவு செய்தார். வருகிற சனிக்கிழமை இருவரும் பண்ணைக் களஞ்சியத்துக்கு வாருங்கள். பகல்தான், ஆனால் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. முப்பது யாரில் அட்டை. ஆளுக்கு ஐந்து குண்டு. நன்றாகச் சுடுகிறவருக்குக் கடிதமும் திறப்பும்.

சனி காலை ஆந்தையர் ஷிப்ட் முடிந்து நேரே என் வானில் ஏறினார். பாதி வழியில், கல்லாத் திறப்பைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்றார். திருப்பிக்கொண்டு போனேன். அவர் இறங்கி உள்ளே போனார். சீற்றுக்குப் பின்னால் துவக்குப் பை. அதில் ஸ்கோப். ஸ்கோப்பின் மேலே மூடிக்குக் கீழே குறி மாற்றுகிற குமிழ்.

நான் செய்ததை அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். பையைத் திறந்தேன். மூடியைக் கழற்றினேன். குமிழைக் கிளிக், கிளிக் என்று திருப்பினேன். மூடியைப் போட்டேன். பையைப் பூட்டினேன். அவர் வரும்போது நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எனக்கும் ஒரு கோப்பி கொண்டுவந்திருந்தார். குடித்தேன். அந்தக் கோப்பியைப் போல ஒரு கசப்பை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. அதில் பால், சீனி எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

களஞ்சியத்தில் நான் முதலில் சுட்டேன், ரோர்ச் லைற்றோடு. அட்டை ஓடாது என்பதால் ஐந்தில் மூன்று வட்டத்துக்குள் விழுந்தன. ஜீன் பரவாயில்லை என்றார்.

ஆந்தையர் பையைத் திறந்தார். எப்போதும் போல அட்டையில் மூன்று குண்டு சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். முயல் உங்களுக்குப் பயிற்சி தராது என்றார் ஜீன். அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

சுட விடாவிட்டாலும் மனுசன் பார்க்காமல் இருப்பாரா? சின்ன லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கையேட்டில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தொட்டார். பற்றரி, ஆணி, மூடி. மூடியைக் கழற்றியதும் கை நின்றது. குமிழிலும் அதன் அடியிலும் சேர்த்து நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார். குமிழ் அசையாமல் இருந்தால் கோடு நேராக இருக்கும். இப்போது கோடு இரண்டாக முறிந்து நின்றது. நகப்பூச்சு யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைக் கொடுத்ததையும் அவள் எனக்குச் சொல்லவில்லை.

லைற்றோடு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். வெளிச்சம் நேரே என் கண்ணில். பிறகு திரும்பி, கிளிக் கிளிக் என்று கோட்டைப் பொருத்தினார்.

"என்ன பிரச்சினை?" என்று கேட்டார் ஜீன்.

"ரோட்டிலை நல்ல குலுக்கல்," என்றார் ஆங்கிலத்தில். படுத்தார். ஐந்து குண்டும் ஒரு சதக் குற்றிக் காசால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன.

ஜீன் கடிதத்தை நீட்டினார். ஆந்தையர் கையெழுத்து வைக்காமல் அதை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். ஒரு பக்கக் கடிதம். இருபது நிமிடம் படித்தார். திரும்பி வந்து, கிழமைக்கு இரண்டு இரவாவது, குறிப்பாக நிலவில்லாத இரவுகளில் வர வேண்டும் என்று இதில் இருக்கிறது, எனக்கு ஏலாது என்றார். ஜீனுக்கு விளங்கவில்லை. ஆந்தையர் விரல் மடித்தார். செவ்வாயும் வெள்ளியும் நான் சைவம். அமாவாசை அப்பாவுக்கு விரதம். பூரணை அம்மாவுக்கு விரதம்.

"அரை நிலவில்?" என்று கேட்டார் ஜீன். கிண்டலாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அதிலை ஷிப்ட்."

"இதெல்லாம் தெரிந்துகொண்டு ஏன் போட்டிக்கு வந்தீர்கள்?"

"சோதினை எண்டு சொன்னீங்கள். சோதினை எண்டா நான் விடமாட்டன்." பிறகு என்னைக் காட்டினார். "இவருக்குக் குடுங்கோ. இவருக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்கினம், அமாவாசையும் வருவார். நான் இவரோடை பாக்க வாறன்."

கடிதத்தில் என் பெயர் ஏறியது. திறப்பு என் கையில் விழுந்தது. ஏழு மாதம் ஆசைப்பட்ட சாமான். அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும். அவர் வென்று திறப்பைக் கொண்டுபோயிருந்தாலாவது வென்றுவிட்டானே என்று திட்டியிருக்கலாம். கொடுத்துவிட்டுப் போகிறவரை என்ன சொல்லித் திட்டுவது? பொறாமை பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

திரும்பும் வழியில் இல்ஃபோர்ட் வந்துவிட்டது. சிவப்பு லைற்றில் நிற்கும்போது கேட்டார்.

"எத்தினை கிளிக் திருப்பினீர்?"

"பதினாறு."

"பதினெட்டு. எண்ணத் தெரியாட்டி ஏனப்பா உந்த வேலைக்குப் போறீர்?"

நான் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தேன்.

"அந்த இடம் உமக்கு வேணுமெண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் களஞ்சியத்துக்கே வந்திருக்க மாட்டன்."

"கேக்க வெக்கமா இருந்தது அண்ணை."

"குமிழைத் திருப்ப வெக்கமில்லை, கேக்க மட்டும் வெக்கமோ?" என்றார். லைற் பச்சையானது. "எடும், பின்னாலை ஹோர்ன் அடிக்கிறான். வாற சனி எத்தினை மணிக்கு வர?"

அந்தச் சனி வந்தார். அதற்கடுத்த சனியும் வந்தார். பிறகு லூயிஷாமுக்கு வீடு மாறிப் போனார், அப்போதும் இரண்டு ரயில் மாறி வந்தார். அவருடைய ஸ்கோப்பில்தான் நான் சுடப் பழகினேன், அவர் அளவுக்கு இன்னும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. பவானி இப்போதும் முதல் அகப்பையை அவர் கோப்பையில்தான் போடுகிறாள். எனக்கு இப்போதும் எரிகிறது. ஆனால் சனிக்கிழமை அவர் வருவதற்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவள் அவள். வாசலுக்கும் வீதிக்குமாக நடந்துகொண்டிருப்பவன் நான்.